ஊசிக்கும் உணவுக்கும் நடுவே அரை மணி நேரம்

“ஊசி போட்டு அரை மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள்.” ரெகுலர் இன்சுலின் எடுத்துக்கொள்ளும் எவரும் இதை மருத்துவரிடம் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். இந்தியாவில் சர்க்கரை நோயுடன் வாழ்கிறவர்கள் 10 கோடிக்கும் மேல் என்கிறது, சென்னையின் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு. அவர்களில் ரெகுலர் இன்சுலின் போடுகிறவர்களின் வீடுகளில் அடுப்பும் சாப்பாடும் இந்த அரை மணிக் கணக்கை ஒட்டித்தான் நடக்கின்றன. ஊசி போட்ட பிறகு சோறு வேகத் தாமதமானால் கை நடுங்கும். ஊசி போட்ட கையோடு சாப்பிட உட்கார்ந்தால் சர்க்கரை எகிறும்.

ஏன் அரை மணி? நோயில்லாத ஒருவர் சாப்பிடத் தொடங்கிய சில நிமிடங்களில் கணையம் இன்சுலினைச் சுரந்துவிடுகிறது. சுரந்ததும் அது வேலையைத் தொடங்கிவிடுகிறது. அதே பொருளை வயிற்றுத் தோலுக்கு அடியில் செலுத்தினால் மட்டும் ஏன் இத்தனை தாமதம்? மருந்தின் தரத்தில் குறையில்லை, ஊசி போட்ட விதத்திலும் தவறில்லை. இன்சுலின் மூலக்கூறின் வடிவத்தில்தான் விடை இருக்கிறது. அந்த வடிவத்தை மனிதர்கள் முதன்முதலில் கண்டது 1969இல், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில், பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின் படிகத்தில்.

பன்றி ஏன் என்று கேட்கலாம். 1921இல் கனடாவின் டொரண்டோவில் ஃபிரெடரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட், ஜான் மெக்லியாட், ஜேம்ஸ் காலிப் ஆகியோரின் உழைப்பில் இன்சுலின் கிடைத்தது. 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தாம்ப்சனுக்கு அதைச் செலுத்தினார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுவதற்கும் மருந்து வேண்டும். அதற்குக் கணையம் வேண்டும். இறைச்சிக் கூடங்களில் மலிந்து கிடைத்தவை மாட்டுக் கணையமும் பன்றிக் கணையமும்தான். பன்றி வளர்ப்பில் பேர்போன டென்மார்க்கில், நோபெல் பரிசு பெற்ற உடலியலாளர் ஆகஸ்ட் க்ரோ 1923இலேயே இன்சுலின் உற்பத்திக்கு வழி செய்தார். அவருடைய மனைவி மேரிக்குச் சர்க்கரை நோய் இருந்தது. ஒரு பவுண்டு இன்சுலின் எடுக்க ஏறத்தாழ 8,000 பவுண்டு கணையம் தேவைப்பட்ட காலம் அது. அடுத்த 60 ஆண்டுகள் உலகின் சர்க்கரை நோயாளிகளை உயிரோடு வைத்திருந்தவை இந்த விலங்குகளின் கணையங்களே. இந்தியாவிலும் மாட்டு இன்சுலினும் பன்றி இன்சுலினும் பல பத்தாண்டுகள் புழங்கின.

பன்றியின் இன்சுலின் மனிதனுக்கு அவ்வளவு நன்றாகப் பொருந்தியதற்குக் காரணம் 1950களில் தெரியத் தொடங்கியது. கேம்பிரிட்ஜில் ஃபிரெட் சாங்கர் மாட்டு இன்சுலினை அக்கக்காகப் பிரித்து, அதில் எந்த அமினோ அமிலத்துக்கு அடுத்து எது வருகிறது என்று முழுவதும் எழுதிக் காட்டினார். ஒரு புரதத்தின் எழுத்து வரிசை இப்படி முழுமையாகப் படிக்கப்பட்டது அதுவே முதல் தடவை. 1958இல் அதற்காக நோபெல் பரிசு பெற்றார். இன்சுலினில் இரண்டு சங்கிலிகள். ஏ சங்கிலியில் 21 அமினோ அமிலங்கள், பி சங்கிலியில் 30. இரண்டையும் கந்தகப் பிணைப்புகள் கட்டி வைத்திருக்கின்றன. மற்ற விலங்குகளின் வரிசைகளையும் படித்தபோது, மாட்டின் இன்சுலின் நம்முடையதிலிருந்து மூன்று இடங்களில் மாறுபடுவது தெரிந்தது. பன்றியினுடையது ஒரே ஓர் இடத்தில்தான் மாறுபடுகிறது. பி சங்கிலியின் கடைசி, 30ஆவது இடத்தில் நமக்குத் த்ரியோனின், பன்றிக்கு அலனின். 51இல் ஒன்று.

ஆனால் எழுத்து வரிசை தெரிந்துவிட்டால் வேலை தெரிந்துவிடாது. அந்தச் சங்கிலிகள் முப்பரிமாணத்தில் எப்படி மடிந்து நிற்கின்றன, எந்தப் பக்கம் வெளியே பார்க்கிறது, எது உள்ளே புதைந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் அந்த அரை மணிக்கு விளக்கம் கிடைக்கும்.

34 ஆண்டு உழைப்பு

1934இல் டோரதி க்ரோஃபுட் என்ற 24 வயது ஆராய்ச்சியாளரிடம் ஆக்ஸ்ஃபோர்டின் வேதியியல் பேராசிரியர் ராபர்ட் ராபின்சன் சில மில்லிகிராம் இன்சுலினைக் கொடுத்தார். பூட்ஸ் மருந்து நிறுவனம் அவருக்கு அனுப்பியிருந்தது அது. பிற்காலத்தில் டோரதி ஹாட்ஜ்கின் என்று உலகம் அறிந்தவர் அவர்தான். இன்சுலின் படிகமாகும் என்பதை அமெரிக்காவில் ஜான் ஜேக்கப் ஏபெல் 1926இலேயே காட்டியிருந்தார். நல்ல படிகம் கிடைக்கத் துத்தநாகம் வேண்டும் என்பதை டொரண்டோவின் டி.ஏ. ஸ்காட் அந்த 1934இல்தான் கண்டுபிடித்திருந்தார். டோரதி துத்தநாகம் சேர்த்துப் படிகம் வளர்த்தார், எக்ஸ் கதிருக்கு முன்னே வைத்தார், படம் எடுத்தார். இரவில் படத்தைக் கழுவி எடுத்தபோது புள்ளிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. அந்த மகிழ்ச்சியில் உறக்கம் வராமல் அவர் ஆக்ஸ்ஃபோர்டுத் தெருக்களில் நடந்தார். 1935இல் அந்த முடிவு நேச்சர் இதழில் அவர் பெயரில் மட்டும் வெளிவந்தது.

அந்தப் புள்ளிகளிலிருந்து மூலக்கூறின் உருவத்தை எட்ட 34 ஆண்டுகள் ஆயின. இதில் ஹாட்ஜ்கினின் திறமைக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடையில் பெனிசிலின் வடிவத்தையும் வைட்டமின் பி12 வடிவத்தையும் கண்டுபிடித்து, 1964இல் வேதியியல் நோபெல் பரிசைத் தனியாளாகப் பெற்றவர் அவர். சிக்கல் முறையிலேயே இருந்தது. படிகத்துக்குள் சென்ற எக்ஸ் கதிர் எல்லாத் திசையிலும் சிதறிப் படச்சுருளில் புள்ளிகளாக விழுகிறது. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு அழுத்தமானது என்று அளந்துவிடலாம். ஆனால் அந்த அலையின் முகடு எங்கே, பள்ளம் எங்கே என்ற கணக்கு படத்தில் பதிவதில்லை. குளத்தில் விழுந்த கல்லின் வடிவத்தை, கரையில் மோதும் அலைகளின் உயரத்தை மட்டும் குறித்துக்கொண்டு சொல்ல முயல்வதற்கு ஒப்பானது இது.

தொலைந்த அந்தக் கணக்கை மீட்கக் கனமான அணுக்களைப் படிகத்துக்குள் நுழைத்து, அவை புள்ளிகளை எப்படி மாற்றுகின்றன என்று பார்ப்பது வழி. கேம்பிரிட்ஜில் மேக்ஸ் பெருட்ஸ் 1953இல் ஹீமோகுளோபினில் அதைச் செய்து காட்டினார். இன்சுலினைவிடப் பல மடங்கு பெரிய ஹீமோகுளோபின் வழிக்கு வந்தது. சின்னஞ்சிறு இன்சுலின் வரவில்லை. படிகத்தில் ஏற்கெனவே இருந்த துத்தநாகம் போதிய கனமில்லாதது. அதை நீக்கி ஈயம் வைத்தார்கள், யுரேனியச் சேர்மங்களைச் சேர்த்தார்கள். பல முயற்சிகளில் படிகமே கொஞ்சம் உருக்குலைந்து கணக்கைக் கெடுத்தது.

கடைசியில் கைகொடுத்த உத்திகளில் ஒன்று, கன அணுக்கள் எக்ஸ் கதிரை வழக்கத்துக்கு மாறாகச் சிதறடிக்கும்போது தோன்றும் மிக நுண்ணிய வேறுபாடுகளை அளப்பது. இந்த விளைவை வைத்துப் படிக வடிவத்தைக் கண்டுபிடிக்கும் கணித வழியை வளர்த்தவர்களில் முன்வரிசையில் நின்றது சென்னைப் பல்கலைக்கழகம். ஜி.என். ராமச்சந்திரனும் எஸ். ராமனும் 1956இல் அங்கிருந்துதான் தங்கள் முறையை வெளியிட்டார்கள். இந்திய அறிவியலின் பெருமை என்று எத்தனையோ சொல்கிறோம்; கிண்டி வளாகத்தில் நடந்த இந்த வேலை அந்தப் பட்டியலில் இன்னும் மேலே இருக்க வேண்டியது என்பது என் எண்ணம். ஹாட்ஜ்கினின் குழுவிலும் ஓர் இந்தியர் இருந்தார். கேரளத்தின் திருச்சூர்ப் பக்கத்தைச் சேர்ந்த எம். விஜயன், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டு போனவர். பின்னர் பெங்களூருவுக்கே திரும்பி, புரதப் படிகவியலை இந்தியாவில் வேரூன்றச் செய்தார்.

1969 கோடையில் மூலக்கூறின் முதல் வரைபடம் கணக்கிலிருந்து எழுந்தது. ஹாட்ஜ்கினுக்கு 24 வயதிலேயே முடக்குவாதம் வந்துவிட்டது. கை விரல்கள் கோணிப்போயிருந்தன. 59 வயதில், வீங்கிய கணுக்கால்களோடு, இளைஞர்களுக்கு நடுவே நின்று அந்த வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து மூலக்கூறின் மாதிரியைக் கட்டினார். அதை அறிவித்த கட்டுரையில் அவருடன் மார்கரெட் ஆடம்ஸ், டாம் பிளண்டல், கை டாட்ஸன், எலனோர் டாட்ஸன், விஜயன், டெட் பேக்கர் உள்ளிட்டோரின் பெயர்கள் இருக்கின்றன. ஓரிரு ஆண்டுகள் கழித்து, பண்பாட்டுப் புரட்சியின் குழப்பங்களுக்கு நடுவே பெய்ஜிங்கிலும் ஒரு குழு இதே பன்றி இன்சுலின் வடிவத்தைத் தனியாகக் கண்டது. 1972இல் ஹாட்ஜ்கின் அங்கே போய், இரண்டு வரைபடங்களும் ஒத்துப்போவதைப் பார்த்தார். அந்த வேலையின் சிறப்பை உலகுக்கு எடுத்துச் சொன்னவரும் அவரே. ஆக்ஸ்ஃபோர்டுக் குழு அத்தோடு நிற்கவில்லை. 1988இல் 1.5 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில், ஒவ்வொரு அணுவும் பிரிந்து தெரியும்படி, நூறு பக்கத்தை நெருங்கும் ஓர் அறிக்கையை வெளியிட்டது.

ஆறு சேர்ந்து உறங்கும் மூலக்கூறு

அவர்கள் கண்டது என்ன? படிகத்தில் இன்சுலின் தனித்தனியாக இல்லை. முதலில் இரண்டிரண்டாக இணைந்திருக்கிறது. அப்படிப்பட்ட மூன்று இணைகள் வட்டமாகச் சேர்ந்து ஆறு மூலக்கூறுகள் கொண்ட ஒரு கூட்டாக நிற்கின்றன. கூட்டின் நடு அச்சில் இரண்டு துத்தநாக அயனிகள். ஒவ்வொரு துத்தநாகத்தையும் மூன்று மூலக்கூறுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிடிக்கும் கை, பி சங்கிலியின் 10ஆவது இடத்தில் உள்ள ஹிஸ்டிடின். ஸ்காட் 1934இல் கண்ட துத்தநாகத் தேவைக்கு இதோ காரணம்: ஆறையும் சேர்த்துக் கட்டும் முடிச்சு அது.

தனி மூலக்கூறைப் பார்த்தால், ஏ சங்கிலி இரண்டு குட்டைச் சுருள்களாகச் சுருண்டு, ஒன்றுக்கொன்று எதிரெதிராக நிற்கிறது. பி சங்கிலி நடுவில் நீண்ட ஒரு சுருள். அதன்பின் சட்டென்று திரும்பி, 24, 25, 26ஆவது இடங்களில் நீட்டி நிமிர்ந்து ஓடுகிறது. அந்த நிமிர்ந்த பகுதியில் உள்ளவை ஃபினைல்அலனின், ஃபினைல்அலனின், டைரோசின். நீரை விரும்பாத, பருமனான மூன்று அமினோ அமிலங்கள். இரண்டு இன்சுலின்கள் இணையாகும்போது ஒன்றின் நிமிர்ந்த பகுதி மற்றதன் நிமிர்ந்த பகுதியோடு எதிர்த்திசையில் ஒட்டிக்கொள்கிறது. நீரை விரும்பாத முகங்கள் இரண்டும் உள்ளே மறைகின்றன.

இந்த ஆறின் கூட்டு ஆய்வகக் கண்ணாடிக் குடுவையில் தற்செயலாக உண்டானதல்ல என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. நம் கணையத்தின் பீட்டா செல்கள் செய்வதும் இதுவே. செல் முதலில் புரோஇன்சுலின் என்ற ஒற்றைச் சங்கிலியைத்தான் உற்பத்தி செய்கிறது. சிகாகோவில் டொனால்ட் ஸ்டைனர் 1967இல் இதைக் கண்டறிந்தார். பிறகு அதன் நடுப்பகுதி வெட்டப்படுகிறது. மிஞ்சும் இன்சுலின், துத்தநாகத்தோடு ஆறாறாகக் கூடி, செல்லுக்குள் உள்ள சிறு பைகளில் படிகமாகவே சேமித்து வைக்கப்படுகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தப் பைகளின் நடுவே கறுத்த கட்டியாக அது தெரியும். இப்படி அடுக்கி வைப்பதால் சிறிய இடத்தில் நிறையச் சேமிக்கலாம்; மூலக்கூறும் கெடாது.

சாப்பாட்டுக்குப் பிறகு பைகள் திறந்து படிகம் ரத்தத்தில் கொட்டுகிறது. ரத்தத்தில் துத்தநாகம் மிகக் குறைவு, இன்சுலினும் சட்டென்று நீர்த்துவிடுகிறது. ஆறின் கூட்டு இரண்டிரண்டாகப் பிரிகிறது, அந்த இரண்டும் தனித்தனியாகப் பிரிகின்றன. அந்த ஒற்றை மூலக்கூறுதான் தசை, கொழுப்பு, கல்லீரல் செல்களின் மேல் உள்ள இன்சுலின் ஏற்பியில் போய் அமர்கிறது. அமர்ந்ததும் செல்லுக்குள் தொடர்ச்சியாகச் சமிக்ஞைகள் ஓடுகின்றன. தசையிலும் கொழுப்பிலும் குளுக்கோஸைக் கடத்தும் புரதங்கள் உள்ளிருந்து செல் சவ்வுக்கு வருகின்றன, ரத்தத்துச் சர்க்கரை உள்ளே போகிறது.

தோலுக்கு அடியில் ஊசி போடும்போது நடப்பது வேறு. குப்பியில் இருப்பதும் ஆறின் கூட்டு. ஆனால் கொழுப்புத் திசுவுக்கு நடுவே ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும் மருந்து உடனே நீர்த்துப் போவதில்லை. ஆறின் கூட்டு பெரியது. நுண்ணிய ரத்தக் குழாய்ச் சுவரை எளிதில் கடக்காது. அது இரண்டாகவும் ஒன்றாகவும் பிரிந்த பிறகே ரத்தத்தில் சேரும். நாம் காத்திருக்கும் அரை மணி நேரம் இந்தப் பிரிவுக்கானது.

இதில் இன்னொன்றும் தெரிந்தது. இணையாகும்போது மறைந்துகொள்ளும் அந்த நிமிர்ந்த பகுதியும் ஏற்பியைத் தொடும் பகுதியும் பெருமளவு ஒன்றே. ஆகவே கூட்டாக இருக்கும்வரை இன்சுலினால் வேலை செய்யவே முடியாது. சேமிப்பும் வேலையும் ஒரே முகத்தின் மேல் எழுதப்பட்டிருக்கின்றன. கினிப் பன்றியின் இன்சுலினில் பி சங்கிலியின் 10ஆவது இடத்தில் ஹிஸ்டிடின் இல்லை. அதனால் துத்தநாகக் கூட்டு கட்டாமலே அது வாழ்கிறது. ஆனால் அதன் இன்சுலின் வீரியம் குறைந்தது. ஈடுகட்ட ரத்தத்தில் நிறையச் சுற்ற வேண்டியிருக்கிறது.

குப்பிக்குள் போன படிகம்

வடிவம் தெரிந்ததும் மருந்தை மாற்றி அமைக்கும் துணிவு வந்தது. 1982இல் மனித இன்சுலினே இரண்டு வழிகளில் சந்தைக்கு வந்தது. பாக்டீரியாவுக்குள் மனித மரபணுவை வைத்துச் சுரக்கச் செய்வது ஒரு வழி. பன்றி இன்சுலினின் அந்த ஒரே ஓர் அலனினை நொதியால் நீக்கிவிட்டுத் த்ரியோனினை ஒட்டுவது இன்னொரு வழி. டென்மார்க்கின் நோவோ நிறுவனம் இதைச் செய்தது. ஆனால் மனித இன்சுலினும் அதே ஆறின் கூட்டுதான். அரை மணி குறையவில்லை.

அதைக் குறைத்தது படிகத்தைப் பார்த்துச் செய்த ஒரு சிறு திருத்தம். இணையாவதற்குத் துணை நிற்கும் இடங்களில் ஒன்று பி சங்கிலியின் 28ஆவது இடத்துப் புரோலின். அதையும் பக்கத்தில் 29இல் உள்ள லைசினையும் இடம் மாற்றி வைத்தார்கள். இணைப்பு தளர்ந்தது. 1996இல் வந்த லிஸ்ப்ரோ இதுதான். அடுத்து வந்த அஸ்பார்ட்டில் அதே 28ஆவது இடத்தில் எதிர்மின் சுமை கொண்ட அமிலத்தை வைத்ததால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. ஊசி போட்டுவிட்டுக் கால் மணிக்குள் இலையில் கை வைக்கலாம் என்று மருத்துவர்கள் இன்று சொல்ல முடிவது இந்த மாற்றங்களால்தான். கிளார்ஜின் என்ற இன்சுலின் எதிர்த்திசையில் போனது: அமிலக் கரைசலில் தெளிவாக இருந்து, தோலுக்கு அடியில் போனதும் நுண்ணிய திரளாகப் படிந்து, ஒரு நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்படி அதன் அமினோ அமிலங்களை மாற்றினார்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள் அறிந்த அந்த மருந்து வாசனையிலும் படிகக் கதை உண்டு. கிருமி வளராமல் இருக்கக் குப்பியில் ஃபீனால் அல்லது கிரெசால் சேர்க்கிறார்கள். அவை ஆறின் கூட்டுக்குள் புகுந்து அதை இன்னும் இறுக்கமான வடிவத்துக்கு மாற்றுகின்றன என்பதைப் பின்னாளில் இன்னொரு படிகம் காட்டியது. லிஸ்ப்ரோவும் அஸ்பார்ட்டும் குப்பியில் ஆறின் கூட்டாகவே நிலைத்திருப்பது இவற்றின் உதவியால்தான். ஊசி போட்டதும் ஃபீனால் திசுவில் பரவி விலகுகிறது, கூட்டு சடாரென்று கலைகிறது. கூட்டாக இருப்பது பாதுகாப்பும்கூட. தனித்து நிற்கும் இன்சுலின் சூட்டிலும் குலுக்கலிலும் உருக்குலைந்து, நூல் நூலாகத் திரிந்து, பயனற்றுப் போகும். நம் ஊர் வெயிலில் குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள் இன்சுலினை மண்பானையில் வைத்துக் காப்பாற்றுவது சரியான அறிவு.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி நின்றது. பன்றிப் படிகத்தில் தெரிந்த வடிவமேதானா ஏற்பியில் அமரும்போதும்? இல்லை என்று முதலில் காட்டியது ஒரு செயற்கை மூலக்கூறு. பி சங்கிலியின் 29ஆவது இடத்தை ஏ சங்கிலியின் முதல் இடத்தோடு நேராகப் பிணைத்து இன்சுலினை ஒற்றைச் சங்கிலியாக்கினார்கள். 1991இல் அதன் படிகத்தைப் பார்த்தால், வடிவம் இயல்பான இன்சுலினை அப்படியே ஒத்திருந்தது. ஆனால் அது துளியும் வேலை செய்யவில்லை. அப்படியானால் வேலை செய்ய மூலக்கூறின் அந்த நுனி அசைய வேண்டும். கட்டிப் போட்டதால் அசைய முடியவில்லை. மெல்போர்னில் மைக் லாரன்ஸின் குழு 2013இல் ஏற்பியின் பகுதியோடு சேர்ந்த இன்சுலினின் படிகத்தைப் பார்த்தபோது இது நேராகத் தெரிந்தது. பி சங்கிலியின் நுனி மூலக்கூறின் உடலிலிருந்து விலகித் திறந்துகொள்கிறது. ஏற்பியின் ஒரு சுருள் அந்த இடைவெளியில் வந்து பொருந்துகிறது. ஹாட்ஜ்கின் கண்டது மூடிய இன்சுலின். அவர் குழுவின் படிகம் இவ்வளவு துல்லியமாக இருந்திராவிட்டால், திறந்தது எந்த இடம் என்று சொல்ல ஒப்பிட எதுவும் இருந்திருக்காது.

இப்போதைய தேடல் கடலுக்குப் போயிருக்கிறது. கோனஸ் ஜியோகிராஃபஸ் என்ற கூம்பு நத்தை தன் நஞ்சோடு இன்சுலினையும் நீரில் பீய்ச்சுகிறது என்று 2015இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். சுற்றியுள்ள சிறு மீன்களின் சர்க்கரை விழுந்து அவை மயங்க, நத்தை விழுங்கிவிடுகிறது. அந்த இன்சுலினில், இணையாவதற்குக் காரணமான அந்த நிமிர்ந்த பகுதியே இல்லை. ஆகவே அது கூட்டே கட்டுவதில்லை. ஆனாலும் மனித ஏற்பியில் போய் அமர்கிறது. அந்தப் பகுதி இல்லாமல் மனித இன்சுலின் பெரும்பாலும் செத்த மூலக்கூறு. நத்தை எந்த அமினோ அமிலங்களைக் கொண்டு அந்த இழப்பை ஈடுசெய்கிறது என்று பார்த்து, அதே மாற்றங்களை மனித இன்சுலினில் செய்து, முழு இன்சுலினுக்கு நிகராக வேலை செய்யும் ஒரு குறு இன்சுலினை 2020இல் உருவாக்கினார்கள். காத்திருப்பு இன்னும் குறையலாம். ஆனால் ஆறின் கூட்டு தரும் பாதுகாப்பை விட்டுவிட்ட மூலக்கூறு, மாதக்கணக்கில் குப்பியிலும் மருந்துக்கடை அலமாரியிலும் கெடாமல் இருந்தாக வேண்டும். மருந்தாக வருவதற்கு முன் கடக்க வேண்டிய தேர்வுகளில் அதுவும் ஒன்று.